பருத்திப்பால் குடிக்கலாமா? ஜிஎம் உணவு பத்தி தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க

மல்லிகா_மதுரை:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வாரமா வீட்டுல இதே பேச்சா இருக்கு, அதான் இங்க கேக்குறேன். எங்க மாமனார் தினமும் சாயங்காலம் என் பையன (ஆறு வயசு) விளக்குத்தூண் பக்கம் கூட்டிட்டு போயி பருத்திப்பால் வாங்கி குடுப்பாரு. அவருக்கும் ஒரு டம்ளர், அவனுக்கும் ஒரு சின்ன டம்ளர். மதுரைக்காரங்களுக்கு சொல்லவே வேணாம், மழை நேரத்துல சுக்கு வாசத்தோட அது உள்ள போனா அப்படி இருக்கும்.

போன வாரம் எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல ஒரு மெசேஜ் வந்துச்சு. இந்தியாவுல இப்ப இருக்குற பருத்தி எல்லாமே ஜிஎம், அதாவது மரபணு மாத்துனதாம், அந்த கொட்டையில இருந்து எடுக்குற பால குடிச்சா கேன்சர் வருமாம், ஆம்பளப் பிள்ளைங்களுக்கு பின்னாடி குழந்தை பிறக்காதாம். கூடவே ரெண்டு எலி போட்டோ, உடம்பு பூரா கட்டி கட்டியா. அத பார்த்ததுல இருந்து எனக்கு சோறு எறங்கல. மாமனார்ட்ட காட்டுனேன், "அறுவது வருஷமா குடிக்கிறேன், எனக்கு என்ன ஆச்சு"ன்னு கோவப்பட்டுட்டு போயிட்டாரு. என் வீட்டுக்காரர் எதுக்கு வம்பு, எல்லாத்தையும் நிறுத்திருன்னு சொல்றாரு.

அதே மெசேஜ்ல ரெட் லேடி பப்பாளி, கொட்டையில்லாத திராட்சை, ஸ்வீட் கார்ன், நாட்டுத் தக்காளி தவிர மத்த தக்காளி, கடையில வர்ற பளபளன்னு இருக்குற கத்திரிக்கா எல்லாமே ஜிஎம்னு லிஸ்ட் போட்டிருக்காங்க. இப்படி பார்த்தா நான் என்னத்த சமைக்கிறது? உண்மையில நம்ம மார்க்கெட்ல எது ஜிஎம், எது இல்ல? பருத்திப்பால் குடிக்கலாமா கூடாதா? லிங்க் போட்டு படிச்சுக்கோன்னு சொல்லாம புரியுற மாதிரி சொல்லுங்க, புண்ணியமா போகும்.

நெல்விதை_தஞ்சை:

தங்கச்சி, நீங்க பயப்படுறதுல தப்பே இல்ல. பிள்ளைக்கு குடுக்குற சாப்பாட்ட பத்தி தாய் கேக்காம வேற யாரு கேப்பா. நான் இந்த விஷயத்துல பதினஞ்சு வருஷத்துக்கு மேல இருக்கேன், அதனால நடந்தத சொல்றேன்.

2009 அக்டோபர்ல பிடி கத்திரிக்காய், அதாவது மரபணு மாத்துன கத்திரிக்காய வெளிய விடலாம்னு ஜிஎம் பயிர பரிசீலிக்கிற மத்திய அரசோட ஜிஇஏசி குழு சொல்லிருச்சு. நாடு பூரா எதிர்ப்பு கெளம்புச்சு, நம்மாழ்வார் ஐயா ஊர் ஊரா போயி பேசுனாரு. அப்ப சுற்றுச்சூழல் அமைச்சரா இருந்த ஜெய்ராம் ரமேஷ் ஏழு ஊர்ல மக்கள்கிட்ட கருத்து கேட்டாரு, அதுல பெங்களூர் கூட்டத்துக்கு நாங்க ராத்திரி பஸ் ஏறி போனோம். மண்டபத்துல நிக்க இடமில்ல. விவசாயி ஒரு பக்கம், விஞ்ஞானி ஒரு பக்கம், ஆளாளுக்கு கத்துறாங்க, சில பேர் கழுத்துல கத்திரிக்கா மாலை. 2010 பிப்ரவரி 9ஆம் தேதி அமைச்சர் காலவரையறை இல்லாம நிறுத்தி வைக்கிறேன்னு அறிவிச்சாரு. இன்னைக்கு வரைக்கும் அந்த தடை எடுக்கல. அதனால உங்க வீட்டுக்கு வர்ற கத்திரிக்கா பிடி கத்திரிக்கா இல்ல, அந்த ஒரு விஷயத்துல நிம்மதியா இருங்க.

ஏன் நிறுத்துனாங்கன்னு கேட்டா, விதை விக்கிற கம்பெனியே டெஸ்ட் பண்ணி அவங்களே பாதுகாப்பானதுன்னு சொன்னா எப்படி நம்புறது? எலிக்கு குடுத்து பார்த்தது 90 நாள். நம்ம பிள்ளைங்க சாப்பிடப்போறது எழுபது வருஷம். அந்த டெஸ்ட் விவரத்த கூட சும்மா குடுக்கல, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி தான் பொதுவெளிக்கு வந்துச்சு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஐயா யாரு, பசுமைப் புரட்சி கொண்டு வந்தவரு, அவரே நீண்டகால நச்சுத்தன்மை டெஸ்ட் இன்னும் செய்யணும்னு சொன்னாரு. அதுக்கப்புறம் 2012ல பாராளுமன்ற விவசாய நிலைக்குழு, எல்லா கட்சி எம்பிங்களும் இருக்குற குழு, அதுவும் ஜிஎம் உணவுப் பயிர் வேணாம்னு தான் அறிக்கை குடுத்துச்சு.

பிடி பருத்தி 2002லயே உள்ள வந்துருச்சு. துணிக்கு தானேன்னு யாரும் கேக்கல. கொட்டை மாட்டுக்கு போகுது, எண்ணெய் மனுசனுக்கு போகுதுன்னு யோசிக்கவே இல்ல. நான் சொல்றது, சந்தேகம் இருக்குறத பிள்ளைக்கு குடுக்காதீங்க. அந்த எலி போட்டோவும் சும்மா இல்ல, பிரான்ஸ் விஞ்ஞானி செரலினி செஞ்ச ஆராய்ச்சி அது.

லேப்கோட்:

மல்லிகா அக்கா, நான் கோயம்புத்தூர்ல உணவு பரிசோதனை லேப் ஒண்ணுல வேலை பாக்குறேன், ஜிஎம் இருக்கா இல்லையான்னு பாக்குறது தான் என் டேபிள் வேலை, அதனால நீங்க கேட்ட லிஸ்ட்ல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

ரெட் லேடி பப்பாளி ஜிஎம் இல்ல. அது தைவான்ல இருந்து வந்த ஹைப்ரிட், ரெண்டு ரகத்த மகரந்தம் மாத்தி சேர்த்து எடுத்தது. மரபணு மாத்துன பப்பாளி இருக்கு, ஹவாய்ல 1998ல இருந்து போடுறாங்க, வைரஸ் நோய்ல தோட்டமெல்லாம் அழிஞ்சு போனதால கொண்டு வந்தாங்க, ஆனா அது நம்ம ஊர்ல அனுமதி இல்ல. கொட்டையில்லாத திராட்சை ஜிஎம் இல்ல, இயற்கையா கொட்டை வளராம போன ஒரு கொடிய பதியம் போட்டு பதியம் போட்டு வளர்த்தது. ஸ்வீட் கார்ன் இனிக்கிறதும் மக்காச்சோளத்துல தானா வந்த ஒரு மாற்றத்தால தான். தக்காளி ஹைப்ரிட். நம்ம ஊர்ல ஹைப்ரிட்டையும் ஜிஎம்மையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கிறது தான் பாதி பயத்துக்கு காரணம். ஹைப்ரிட்னா ஒரே குடும்பத்து ரெண்டு செடிக்கு கல்யாணம் பண்ணி வைக்கிற மாதிரி. ஜிஎம்னா வேற எங்கேயோ இருக்குற ஒரு உயிர்ல இருந்து ஒரு குறிப்பிட்ட மரபணுவ மட்டும் எடுத்து லேப்ல வச்சு உள்ள சொருகுறது.

இந்தியாவுல வியாபாரத்துக்குன்னு விவசாயி விளைவிக்க அனுமதி இருக்குற ஜிஎம் பயிர் ஒண்ணே ஒண்ணு, பருத்தி தான். பருத்தி போடுற நிலத்துல 90 சதவீதத்துக்கு மேல பிடி பருத்தி. அதனால அந்த மெசேஜ்ல இருந்த ஒரு வரி மட்டும் சரி, உங்க மாமனார் வாங்கி குடுக்குற டம்ளர்ல இருக்குறது பெரும்பாலும் பிடி பருத்திக் கொட்டையோட பால் தான். அத மறைக்க வேண்டியதில்ல. அதுக்கு மேல இருக்குற கேன்சர், குழந்தை பிறக்காதுங்கிறதெல்லாம் ஆதாரமில்லாத பேச்சு.

பிடின்னா பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்னு மண்ணுல இருக்குற ஒரு பாக்டீரியா. அது க்ரைன்னு ஒரு புரோட்டீன் செய்யும். புழு அத தின்னா புழுவோட குடல் காரத்தன்மையா இருக்குறதால அந்த புரோட்டீன் அங்க போயி திறந்துக்கும், குடல் சுவத்துல அதுக்குன்னே இருக்குற ஒரு இடத்துல போயி ஒட்டும், ஓட்டை விழுந்து புழு தின்னுறத நிறுத்தி செத்துரும். நம்ம வயித்துல இருக்குறது காரம் இல்ல, ஆசிட். அது போயி ஒட்டுற இடமும் நம்ம குடல்ல கிடையாது. மத்த புரோட்டீன் மாதிரி செரிச்சு போயிரும். இயற்கை விவசாயம் பண்றவங்களே இந்த பாக்டீரியாவ தண்ணியில கலந்து முட்டைக்கோஸ்ல அடிக்கிறாங்க, அதுக்கு அனுமதியும் இருக்கு. தஞ்சை அண்ணனுக்கு இது நல்லாவே தெரிஞ்சிருக்கும்.

பருத்திப்பால் செய்யுறத எங்க அம்மாச்சி வீட்டுல பார்த்திருக்கேன். கொட்டைய ராத்திரி ஊறவச்சு, ஆட்டி, துணியில ரெண்டு மூணு தடவ பிழிஞ்சு, அரிசி மாவு கரைச்சு விட்டு, கருப்பட்டி, சுக்கு போட்டு அடி பிடிக்காம கிண்டி கிண்டி கொதிக்க விடுவாங்க. அவ்வளவு கொதிக்கும்போது அந்த புரோட்டீனோட வடிவமே கலைஞ்சு போயிரும். வேணும்னா ஒண்ணு சொல்றேன், பருத்திக்கொட்டையில காசிபால்னு இயற்கையாவே ஒரு நச்சு இருக்கு, உங்க மாமனார் சின்ன வயசுல குடிச்ச நாட்டுப் பருத்தியிலயும் அது இருந்துச்சு. ஆம்பளைங்களுக்கு விந்தணு குறையுற விஷயம்னு உலகத்துல ஆராய்ச்சி பண்ணுனது அந்த காசிபால பத்தி தான், சீனாவுல அத மாத்திரையாவே குடுத்து பார்த்தாங்க. யாரோ அதையும் ஜிஎம்மையும் ஒண்ணா கலந்து அந்த மெசேஜ எழுதியிருக்காங்கன்னு நினைக்கிறேன். தினமும் குடுக்காம வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள்னு வச்சுக்கோங்க, அது காசிபாலுக்காக சொல்றேன், பிடிக்காக இல்ல.

அப்புறம் எலி. செரலினி 2012 செப்டம்பர்ல அந்த கட்டுரைய போட்டாரு, அது பருத்தியே இல்ல, என்கே603ன்னு களைக்கொல்லி தாங்குற மக்காச்சோளம். அவர் எடுத்த எலி ரகத்துக்கு வயசானா தானாவே கட்டி வரும். ரெண்டு வருஷம் வச்சிருந்தாரு, அது அந்த எலிக்கு கிழட்டு வயசு. ஒரு குரூப்புக்கு 10 எலி தான். சாதாரண மக்காச்சோளம் தின்ன எலிக்கும் கட்டி வந்துச்சு, ஆனா அந்த எலியோட போட்டோவ கட்டுரையில போடல. 2013 நவம்பர்ல அந்த பத்திரிகையே கட்டுரைய வாபஸ் வாங்கிருச்சு. பின்னாடி வேற பத்திரிகையில திரும்ப வந்துச்சு, ஆனா கேட்ட கேள்விக்கு பதில் வரல. பன்னெண்டு வருஷம் தாண்டியும் அந்த ரெண்டு எலி நம்ம அம்மாக்கள தூங்க விடாம பண்ணிட்டிருக்கு, எனக்கு கோவம் அதுல தான்.

ஜிஎம்ல ஆபத்தே வராதுன்னு சொல்ல வரல. ஒருதடவ சோயால சத்து கூட்டுறதுக்கு பிரேசில் நட்டோட மரபணுவ வச்சாங்க, பிரேசில் நட் அலர்ஜி இருக்குறவங்க ரத்தத்த வச்சு டெஸ்ட் பண்ணுனா அலர்ஜி காட்டுச்சு, 1996ல அந்த முடிவு வெளிய வந்துச்சு, அந்த சோயா மார்க்கெட்டுக்கே வரல. எந்த மரபணுவ எடுத்து எதுல வைக்கிறோம்ங்கிறத ஒவ்வொண்ணா பாக்கணும், மொத்தமா நல்லதுன்னோ மொத்தமா விஷம்னோ சொல்ல முடியாது. 2016ல அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமி நூத்துக்கணக்கான ஆராய்ச்சிய புரட்டி பார்த்துட்டு, இப்ப மார்க்கெட்ல இருக்குற ஜிஎம் உணவு சாதா உணவ விட அதிக ஆபத்துங்கிறதுக்கு ஆதாரம் கிடைக்கலன்னு சொன்னாங்க.

ஹூஸ்டன்_வெங்கட்:

நாங்க இங்க இருபது வருஷமா இருக்கோம். மக்காச்சோளம், சோயா, கனோலா எண்ணெய் எல்லாமே பெரும்பாலும் ஜிஎம் தான், என் ரெண்டு பசங்களும் அத சாப்பிட்டு தான் வளந்தாங்க. நல்லா இருக்காங்கங்கிறத ஆதாரமா சொல்ல மாட்டேன், ஒரு வீட்ட வச்சு எதையும் சொல்ல முடியாது. ஆனா ஒரு விஷயம், 2022ல இருந்து ஜிஎம் உணவு பாக்கெட்ல பயோஇன்ஜினியர்டுன்னு போடணும்னு இங்க சட்டம் வந்துருச்சு. ஐரோப்பாவுல 0.9 சதவீதத்துக்கு மேல கலந்திருந்தாலே போடணும். என் மனைவி அத பார்த்து சிலத எடுப்பா, சிலத வச்சிருவா. அவ முடிவு சரியா தப்பாங்கிறத விட, முடிவு பண்ற உரிமை அவ கையில இருக்கு. ஊர்ல அது இருக்கான்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கத்திரித்தோட்டம்:

வணக்கமுங்க. நான் ஒட்டன்சத்திரம் பக்கம், ஒன்றரை ஏக்கர்ல கத்திரி போடுறேன், எங்கப்பா காலத்துல இருந்து. படிச்சவங்க எல்லாம் பேசிட்டீங்க, கத்திரிக்கா பத்தி பேச்சு வந்ததால நானும் ரெண்டு வார்த்தை சொல்லிக்கிறேனுங்க.

கத்திரியில எங்கள கொல்றது தண்டு துளைப்பானும் காய்ப்புழுவும், ரெண்டும் ஒரே புழு தான். நட்டு ஒரு மாசத்துல குருத்துக்குள்ள ஏறும், காலைல போயி பார்த்தா குருத்து தலைய தொங்கப் போட்டுட்டு நிக்கும். அத கிள்ளி கவர்ல போட்டு எரிக்கணும். காய் பிடிக்க ஆரம்பிச்சதும் காய்க்கு போயிரும். முட்டையில இருந்து வெளிய வந்த கொஞ்ச நேரத்துல காய்க்குள்ள பூந்துக்கும், ஓட்டைய அதோட கழிவ வச்சே அடைச்சுக்கும். வெளிய பார்த்தா ஊசி முனையளவு ஒரு புள்ளி, அவ்வளவு தான். அதுக்கப்புறம் நீங்க எந்த மருந்த அடிச்சாலும் உள்ள இருக்குற புழுவுக்கு ஒண்ணும் ஆகாது. அதனால உள்ள போறதுக்கு முன்னாடியே சாகடிக்கணும்னு நாங்க அடிச்சுக்கிட்டே இருக்கோம். காய்ப்பு சமயத்துல வாரத்துக்கு ரெண்டு தடவை, மழை பேஞ்சா கூட ஒண்ணு. ஒரு வெள்ளாமை முடியுறதுக்குள்ள இருபத்தஞ்சு தடவை கூட அடிச்சிருக்கேன். கடையில போயி புழு சாகலைங்கன்னா ரெண்டு மூணு மருந்த சேர்த்து கலந்து அடிங்கன்னு குடுத்து விடுறாங்க.

மூணு வருஷத்துக்கு முந்தி ஒரு மத்தியானம் அடிச்சுட்டு இருந்தேன், காத்து திரும்பி அடிச்சதுல சட்டை லுங்கி பூரா நனைஞ்சு போச்சு, டேங்க் தீரட்டும்னு விடாம அடிச்சேன். வரப்புல வந்து உக்காந்தவன் எந்திரிக்க முடியல, கண்ணு ரெண்டும் மங்கிருச்சு, வாயில எச்சி ஊறி ஊறி வருது. எம்பொண்டாட்டி பக்கத்து தோட்டத்துக்காரர் வண்டியில வச்சு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனா. மூணு நாள் பெட்ல இருந்தேனுங்க. வெளிய வந்த மறுவாரமே திரும்ப டேங்க மாட்டுனேன், வேற என்ன பண்றது, வண்டி வண்டியா சொத்தையா போனா மண்டியில கொட்டக் கூட விட மாட்டாங்க.

இங்க ஜிஎம் வேணாம்னு சொல்றவங்க மேல எனக்கு மரியாதை இருக்குங்க. ஆனா 2010ல கூட்டம் போட்டப்ப கத்திரிக்கா பாதுகாப்பா இருக்கணும்னு எல்லாரும் பேசுனாங்க, அது நின்னுபோச்சு, எல்லாரும் ஜெயிச்சோம்னு வீட்டுக்கு போயிட்டாங்க, நாங்க அடிக்கிற மருந்து மட்டும் அப்படியே நிக்குது. அத நிறுத்தச் சொல்லி ஒருத்தர் கூட பஸ் ஏறி வரல.

லேப்கோட்:

அண்ணே, படிச்சுட்டு கொஞ்ச நேரம் பேசாம உக்காந்துட்டேன். உங்க உடம்பு இப்ப எப்படி இருக்கு?

நீங்க சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கிறேன். அன்னைக்கு நின்னு போனது கம்பெனி விதை மட்டும் இல்ல. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் நம்ம ரகத்துலயே அந்த மரபணுவ ஏத்தி வச்சிருந்தாங்க, கோ 2, மதுரை 1, பாலூர் 1 மாதிரி ரகம் எல்லாம் அதுல இருந்துச்சு. அது ஹைப்ரிட் இல்ல, விவசாயி தன் வயல்லயே விதை எடுத்து வச்சுக்கலாம்ங்கிற மாதிரி ரகம். அதே மாதிரி ஏற்பாட்ட பங்களாதேஷ் பிடிச்சுக்கிட்டாங்க. 2013 அக்டோபர்ல அனுமதி குடுத்து, 2014 ஜனவரியில 20 விவசாயிங்களுக்கு நாத்து குடுத்து ஆரம்பிச்சாங்க, நாலு ரகம், எல்லாம் அரசு ஆராய்ச்சி நிலையத்தோடது. அப்புறம் ஆயிரக்கணக்குல போச்சு. மருந்துச் செலவு கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சதுன்னு அங்க வயல்ல வச்சு எடுத்த ஆய்வு சொல்லுது. சாறு உறிஞ்சுற பூச்சிக்கு அங்கயும் மருந்து அடிக்கத் தான் செய்யுறாங்க, அத மறைக்கல, பிடி அதுக்கு கேக்காது.

நெல்விதை_தஞ்சை:

ஒட்டன்சத்திரம் தம்பி, நீங்க சொன்னது எனக்கு சுருக்குன்னு குத்துது. நாங்க கூட்டம் போட்டப்ப விஷமில்லா விவசாயம்னும் தான் பேசுனோம், ஆனா பிடிய நிறுத்துறதுல காட்டுன வேகத்த அதுல காட்டலங்கிறது உண்மை. ஒத்துக்கிறேன். எலி போட்டோ விஷயத்துலயும் லேப் தம்பி சொன்னத நேத்து ராத்திரி உக்காந்து படிச்சு பார்த்தேன், இனிமே நான் அத யாருக்கும் அனுப்ப மாட்டேன்.

ஆனா பிடி வந்தா மருந்து போயிரும்ங்கிறத மட்டும் ஒத்துக்க முடியல, பருத்தியில நாங்க கண்ணால பார்த்துட்டோம். 2002ல வந்தப்ப காய்ப்புழு தொல்லை தீந்துச்சுன்னாங்க. மொதல்ல நல்லா தான் இருந்துச்சு. 2006ல ரெண்டு மரபணு வச்ச பருத்தி வந்துச்சு. சுத்தி அஞ்சு வரிசை சாதா பருத்தி போடணும், அப்ப தான் புழுவுக்கு பழக்கம் வராதுன்னு சொல்லி தனி பாக்கெட் குடுத்தாங்க, அத எத்தன பேர் போட்டாங்க? அரை ஏக்கர் ஒரு ஏக்கர் வச்சிருக்குறவன் புழு திங்கறதுக்குன்னு அஞ்சு வரிசை விடுவானா? கடைசியில இளஞ்சிவப்பு காய்ப்புழு ரெண்டுக்கும் பழகிருச்சு. திரும்பவும் மருந்து. 2017ல மகாராஷ்டிரா யவத்மால்ல பருத்திக்கு மருந்து அடிச்ச விவசாயிங்களும் கூலியாளுங்களும் 20 பேருக்கு மேல செத்துப் போனாங்க, அத்தனையும் பிடி பருத்தி போடுற ஊரு. கத்திரியில ஒரே ஒரு மரபணு தான் வச்சிருந்தாங்க, வருஷம் பூரா கத்திரி போடுற நம்ம ஊர்ல அது எத்தன வருஷம் தாங்கும்? இதுக்கு யாரும் எனக்கு பதில் சொல்லல.

இன்னொண்ணு, மனுசன் சாப்பிட்டா என்ன ஆகும்ங்கிறத மட்டும் பாதுகாப்புன்னு சொல்லிட்டு போறது சரியில்ல. கத்திரி நம்ம மண்ணுல பிறந்த செடி. இலவம்பாடி முள்ளு கத்திரி, வரி கத்திரி, பச்சை கத்திரின்னு ஊருக்கு ஒண்ணு இருக்கு. பக்கத்து வயல் மகரந்தம் தேனீ மூலமா வரத் தான் செய்யும். வேணாம்னு நினைக்கிறவன் வயலுக்கும் அது வந்துட்டா அவன் யாருட்ட போயி கேப்பான்? 2019ல ஹரியானாவுல ஒரு வயல்ல அனுமதியே இல்லாத பிடி கத்திரி வளர்ந்து நின்னத கண்டுபிடிச்சாங்க, விதை எப்படி வந்துச்சு? இப்ப டிஎம்எச்-11ன்னு ஒரு ஜிஎம் கடுகு, அத விதை பெருக்கவும் சோதிச்சு பாக்கவும் 2022 அக்டோபர்ல அனுமதி குடுத்துட்டாங்க, அதுல களைக்கொல்லி தாங்குற மரபணுவும் சேர்ந்திருக்கு. 2024 ஜூலையில சுப்ரீம் கோர்ட் பெஞ்ச்ல ரெண்டு நீதிபதியும் ரெண்டு விதமா தீர்ப்பு சொன்னாங்க. நீதிபதி நாகரத்னா அம்மா அனுமதி குடுத்த முறையே தப்புன்னாங்க. ரெண்டு பேருமே ஒண்ணா சொன்னது, மக்கள்கிட்டயும் மாநிலங்கள்கிட்டயும் கேட்டு தேசிய கொள்கை ஒண்ணு கொண்டு வாங்கங்கிறது தான். நாங்க 2010ல பெங்களூர்ல நின்னு கேட்டதும் அதையே தான்.

லேப்கோட்:

அண்ணே, புழு பழகிப் போற விஷயத்துல நீங்க சொல்றது முழுக்க சரி, அதுல எனக்கு வாதமே இல்ல. ஒரு மரபணுவ மட்டும் நம்பி இறங்குனா பருத்தி கதை தான் திரும்ப நடக்கும். நான் பிரிச்சு பாக்கச் சொல்றது இது தான், விதை யார் கையில இருக்கு, புழு எத்தன வருஷத்துல பழகும், நாட்டு ரகம் கலந்துருமாங்கிற கேள்வி எல்லாம் நியாயமான கேள்வி, அத அந்தந்த பேர்லயே கேளுங்க. அதுக்கெல்லாம் சேர்த்து கேன்சர்னு ஒரே பேர் வச்சு மல்லிகா அக்கா மாதிரி இருக்குறவங்க தலையில போட்டுறாங்க, அது தான் எனக்கு தாங்கல.

வெங்கட் சார் லேபிள் கேட்டீங்க. இங்க 2013 ஜனவரியிலயே ஜிஎம் உணவு பாக்கெட்ல முன்பக்கம் மேல ஜிஎம்னு போடணும்னு விதி கொண்டு வந்தாங்க. நான் கடைக்கு போகும்போதெல்லாம் எண்ணெய் கவர திருப்பி திருப்பி பாக்குறேன், இன்னைக்கு வரைக்கும் அந்த எழுத்த ஒரு தடவ கூட பார்த்ததில்ல. நாம இறக்குமதி பண்ற சோயா எண்ணெய் அர்ஜென்டினா, பிரேசில்ல இருந்து வருது, அங்க போடுற சோயா அநேகமா எல்லாமே ஜிஎம். பருத்திக்கொட்டை எண்ணெய் நம்ம நாட்டுலயே லட்சக்கணக்கான டன் ஆட்டுறாங்க, குஜராத்ல அது வீட்டு சமையல் எண்ணெய். எண்ணெய சுத்திகரிச்சதுக்கப்புறம் அதுல மரபணுவோ புரோட்டீனோ அநேகமா மிஞ்சாது. என்கிட்ட மக்காச்சோளமோ சோயாவோ வந்தா பொடிச்சு, டிஎன்ஏவ பிரிச்சு, டிஎன்ஏவ பெருக்கி காட்டுற பிசிஆர் மெஷின்ல வச்சு 35எஸ்னு ஒரு துண்டு இருக்கான்னு பாப்பேன், அநேக ஜிஎம் பயிர்ல அது இருக்கும், இருந்தா ரெண்டு மணி நேரத்துல ஸ்கிரீன்ல கோடு மேல ஏறும். ரீஃபைன்ட் ஆயில்ல அந்த கோடு எழும்பாது, பிரிச்சு எடுக்க டிஎன்ஏவே கிடைக்காது. உடம்புக்கு அதனால பிரச்சனை இல்லன்னு நான் நினைக்கிறேன். ஆனாலும் எழுதணும். 2021 மார்ச்ல இருந்து இறக்குமதி ஆகுற 24 வகை பயிருக்கு ஜிஎம் இல்லன்னு சர்டிஃபிகேட் வேணும், 1 சதவீதம் வரைக்கும் தான் தெரியாம கலந்திருக்கலாம்னு மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐ கறாரா கேக்குது, அதே நேரம் கடையில இருக்குற எண்ணெய் கவர்ல ஒரு வார்த்தை இல்ல. இப்படி இருந்தா வாட்ஸ்அப்ல வர்றத நம்பாம ஜனங்க யார நம்புவாங்க?

மல்லிகா_மதுரை:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. ரெண்டு தடவ படிச்சேன், என் வீட்டுக்காரருக்கும் படிச்சு காட்டுனேன். பருத்திப்பால் விஷயத்துல மனசு லேசாயிருச்சு, வாரத்துல ரெண்டு நாள் மட்டும்னு மாமனார்ட்ட சொல்லிட்டேன், மொதல்ல முறைச்சாரு, அப்புறம் சரிம்மான்னுட்டாரு. அந்த குரூப்புல எலி போட்டோ அனுப்புன எங்க சித்திக்கும் லேப் தம்பி எழுதுனத அனுப்பிட்டேன்.

ஆனா எனக்கு இப்ப வேற கவலை வந்துருச்சு. நான் இத்தன நாளா கத்திரிக்கா வாங்கும்போது ஓட்டை இருக்கான்னு ஒவ்வொண்ணா திருப்பி பார்த்து, பளபளன்னு இருக்குறதா பொறுக்கி எடுப்பேன். ஒரு சொத்தை இருந்தா கடைக்காரர்ட்ட சண்டை போடுவேன். ஒட்டன்சத்திரம் அண்ணே, தப்பா நினைக்காதீங்க, மருந்து அடிச்சு எத்தன நாள் கழிச்சு காய பறிப்பீங்க? கழுவுனா போகுமா? உங்க வீட்டுக்கு சமைக்க எந்த காய எடுத்துட்டு போவீங்க?

கத்திரித்தோட்டம்:

தப்பா நினைக்க என்னங்கம்மா இருக்கு, கேக்க வேண்டிய கேள்வி தான்.

டப்பா மேல இத்தன நாள் கழிச்சு தான் பறிக்கணும்னு போட்டிருக்கும். ஒவ்வொரு மருந்துக்கு ஒவ்வொரு கணக்கு. ஆனா காய்ப்பு நேரத்துல நாங்க ரெண்டு நாளைக்கு ஒருக்கா, மூணு நாளைக்கு ஒருக்கா பறிக்கணும், இல்லேன்னா காய் முத்திரும், மண்டியில எடுக்க மாட்டாங்க. அதனால அடிச்ச மறுநாளே பறிச்ச நாளும் இருக்குங்க, பொய் சொல்ல மாட்டேன். கழுவுனா மேல இருக்குறது கொஞ்சம் போகும், புளித்தண்ணியில கொஞ்ச நேரம் போட்டு எடுங்கன்னு எங்க வேளாண் அலுவலர் சொல்வாரு, உள்ள இறங்குனது போகாது. இப்ப ஒரு வருஷமா அந்துப்பூச்சிய வாசம் காட்டி இழுத்து பிடிக்கிற இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு பன்னெண்டு கட்டிருக்கேன், வாடுன குருத்த தினமும் கிள்ளுறோம், அதுல மருந்து இருபத்தஞ்சுல இருந்து பதினஞ்சா குறைஞ்சிருக்கு. நீங்க எல்லாம் ஒரு சொத்தை ரெண்டு சொத்தைக்கு கோவிச்சுக்காம வாங்குனீங்கன்னா இன்னும் குறைப்பேனுங்க. மண்டிக்காரர் எங்கள திட்டுறதே கடைக்காரர் திட்டுறார்னு தான், கடைக்காரர் உங்களுக்கு பயந்துக்கிறாரு.

எங்க வீட்டுக்குன்னு கேட்டீங்க. கெணத்து மோட்டார் ரூம் பக்கத்துல, தொட்டித் தண்ணி வழியுற எடத்துல பதினாலு செடி நிக்குதுங்க, எம்பொண்டாட்டி நட்டது. நான் டேங்க மாட்டிக்கிட்டு அந்தப் பக்கம் போனாலே சத்தம் போடுவா. பத்து காய் பறிச்சா ஆறுல புழு இருக்கும். வெட்டி, புழு இருக்குற பக்கத்த கோழிக்கு போட்டுட்டு மீதிய கொழம்பு வைப்பா. அத தானுங்க நாங்க சாப்பிடுறோம்.